மூன்று பேருக்கு வாடை அடித்தால்

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண்ணிலிருந்து வந்தது. அதைப் போட்டவள் நான்.

புழலைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்த செயலிகளைப் பார்த்து மதிப்பெண் போட மூன்று பேரை அழைத்திருந்தார்கள். அதில் நான் மூன்றாவது ஆள். ராயபுரத்தில் சரக்குக் கப்பல் ஏஜென்சிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். அவ்வப்போது கதையும் எழுதுவேன். கல்லூரி என்னை அழைத்தது முதல் காரியத்துக்காக. இப்போது உங்கள் முன்னால் வந்து நிற்பது இரண்டாவது காரியத்துக்காக.

கையில் கொடுத்த தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தொழில்நுட்பம், வணிகம். இரண்டுக்கும் தலா பத்து. மோகனப்ரியா என்ற பெண்ணுக்கு முதல் கட்டத்தில் ஒன்பது போட்டேன். இரண்டாவதில் இரண்டு. போடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"இதுக்கு யாரும்மா காசு கொடுப்பாங்க?"

அவளோடு சேர்ந்து அந்தச் செயலியைச் செய்த அன்பரசன் என் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் என்பதற்கு மேல் ஊரைச் சொல்லப் போவதில்லை. தொழிற்சாலைக்குப் பெயரே கிடையாது. என் தோழி ஜீனத் வக்கீல். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அவள் சொன்ன யோசனை இது. இன்னும் சில வரிகளை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை.)

2

முதல் வரியைப் பல தடவை எழுதிப் பார்த்தேன்.

‘எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்த அந்த’

நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் யாருக்குமே சாம்பல்தான் முதலில் வந்து நிற்கும். அங்கே வாழ்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

‘சிறுவயது முதலே கணினியில் ஆர்வம் கொண்டிருந்த மோகனப்ரியா’

இது கல்லூரி ஆண்டுமலருக்கான வரி. தவிர, உண்மையும் இல்லை. அவள் கணக்கு டீச்சராக நினைத்தவள். கணினிப் பிரிவில்தான் இடம் கிடைத்தது.

ஆகவே கன்னியம்மாவிலிருந்து தொடங்குகிறேன்.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. காசிமேட்டில் மீன் எடுத்துவந்து விற்பவள். மோகனப்ரியாவின் அப்பா தேசப்பனுக்குத் தங்கை முறை, அடுத்த வீடு. கொரோனா காய்ச்சல் வந்து போனபோது அவளுடைய மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, அவளுக்கு வரவேயில்லை. செவுளைத் தூக்கி நிறம் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து மீன் வாங்கப் பழகிக்கொண்டாள். குழம்பு அடிபிடித்தால் மகள் அம்மு வந்து சொல்ல வேண்டும்.

அந்தக் குப்பத்தில் மூக்கு இல்லாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. வருடத்தில் சில நாள் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து காற்றில் ஏதாவது வந்துவிடும். வந்தால் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் போய்விடுவார்கள், அடங்கிய பிறகு திரும்புவார்கள். அப்படி ஒரு நாள் தெருவே காலியான பிறகும் கன்னியம்மா வாசலில் தனியாக உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் ஞாபகம் வந்து ஓடிவந்த மோகனப்ரியாதான் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கன்னியம்மா சொன்னாள்: "கம்ப்யூட்டரு படிச்சிகினு கீறல்ல, அத்தைக்கு ஒரு மூக்கு பண்ணிக் குடேன்டி."

செயலிக்கு அதுவே பெயராயிற்று. மூக்கு. போன் திரையில் ஒரு பெரிய பொத்தான். வாடை அடித்தால் அழுத்த வேண்டும். அரை கிலோமீட்டருக்குள், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் அழுத்தினால் சுற்றுவட்டாரத்தில் மூக்கு வைத்திருக்கிற எல்லாருடைய போனும் மணி அடிக்கும். ஏன் மூன்று என்று நான் கேட்டபோது அவள் சொன்ன விளக்கத்துக்காகத்தான் அந்த ஒன்பது மதிப்பெண். ஒருவருக்கு மட்டும் அடித்தால் அது பக்கத்து வீட்டுக் கருவாடாக இருக்கலாம். இரண்டு பேர் என்றால் புருஷன் பெண்டாட்டியாக இருப்பார்கள், ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் அழுத்தியிருப்பார். மூன்று பேருக்கு அடித்தால் நிஜம்.

மூன்று மாதத்தில் அறுநூறு வீடுகளில் மூக்கு இருந்தது. கன்னியம்மா போனை மீன்கூடைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தாள். வாங்க வருகிறவர்களிடம், அண்ணன் மகள் செய்தது என்று காட்டினாள்.

3

அன்பரசன் வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். அம்மா மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அந்தச் சம்பளத்தில்தான் மூன்று பேர் சாப்பிட்டுப் படித்தார்கள். எதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது அவனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமில்லை. என் கேள்வியை அவன் விடவில்லை.

கேள்வியும் நியாயமானதுதான். சர்வருக்கு வாடகை உண்டு. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. மோகனப்ரியா தன் கல்வி உதவித்தொகையைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கடை விளம்பரம் போடலாம் என்றான் அன்பரசன். ஓடுகிற நேரத்தில் திரையில் நல்லெண்ணெய் பாட்டில் தெரிவதா என்று அவள் நான்கு நாள் அவனோடு பேசவில்லை. குப்பத்தில் வீட்டுக்குப் பத்து ரூபாய் வசூலித்துப் பார்த்தார்கள். முதல் மாதம் வந்தது, இரண்டாம் மாதம் பாதி வந்தது. பிறகு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகாத வீட்டில் போய் யார் கேட்பது?

தடைக்காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. யாரோ பழைய கேபிள் ஒயர்களை எரித்த புகைக்கு மூன்று பேர் பொத்தானை அழுத்தினார்கள். அறுநூறு போன்களும் அடித்தன. ஓட்டத்தில் அப்பாவு என்ற பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மோகனப்ரியா தினமும் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் தன்னால் தாங்க முடியாததாக இருந்தது என்றாள்.

லட்சுமணன் வந்தது அந்த வாரத்தில்.

(இவரை வில்லனாக எழுத இரண்டு முறை முயன்றேன். ‘குளிர்க்கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்த லட்சுமணன்’ என்று ஒரு வரி இன்னும் என் நோட்டில் கிடக்கிறது. அவர் குளிர்க்கண்ணாடி அணிகிறவர் இல்லை. அப்பாவுவைப் பார்க்கத் தானாகவே போனவர். தொழிற்சாலையில் மக்கள் தொடர்பு அதிகாரி. அந்த வேலைக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர்.)

ஒரு வருடத்துக்கு சர்வர் வாடகை, குறுஞ்செய்திச் செலவு முழுவதையும் தொழிற்சாலை ஏற்கும் என்றார். படிப்பு முடிந்ததும் இருவருக்கும் வேலைக்கான கடிதம். பதிலுக்கு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மூணு பேர் அழுத்தினதும் ஊரைக் கூட்டாதீங்கம்மா. முதல்ல எங்க பாதுகாப்புக் குழுவுக்கு வரட்டும். அவங்க போய்ப் பார்த்து ஆமான்னா உடனே அடிக்கட்டும். பதிலே வரலைன்னா ஒரு மணி நேரம் கழிச்சு தானா அடிக்கட்டும். அந்தப் பெரியவர் மாதிரி இன்னொருத்தர் விழக்கூடாது இல்லையா?"

மோகனப்ரியா பத்து நிமிடம் என்றாள். பத்து நிமிடத்தில் குழு கேட்டைத் தாண்டிக்கூட வர முடியாது என்றார் அவர். அன்பரசன் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய், இந்த மாதத்தோடு சர்வர் நின்றுவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துக்கூட மணி அடிக்காது என்றான். கடைசியில் காத்திருப்பு நாற்பது நிமிடம் என்று முடிந்தது பேச்சு.

"புரோகிராம்ல ஒரே ஒரு வரி மேடம்," என்றாள் என்னிடம். "ரெண்டு நிமிஷம்கூட ஆவல, மாத்தறதுக்கு."

குப்பத்துக்குச் சொல்ல வேண்டாமா என்று அவள் கேட்காமல் இல்லை. விதிமுறைகளில் போட்டுவிடலாம் என்றான் அன்பரசன். போட்டார்கள். பதினான்காவது பத்தி. அறுநூறு வீட்டிலும் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற கன்னியம்மாவுக்கு அதை அழுத்திக் கொடுத்தது மோகனப்ரியாவின் விரல்.

மதிப்பெண் போடும் இரண்டாவது சுற்றுக்கும் நான் போயிருந்தேன். அன்பரசன் எதையும் ஒளிக்கவில்லை. நாற்பது நிமிடத்தை ‘சரிபார்ப்பு இடைவெளி’ என்று சொன்னான். நல்ல சொல்லாகத்தான் தோன்றியது எனக்கு. பிள்ளைகள் தொழில்நுட்பத்தையும் வணிகத்தையும் சமன் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று தாளில் எழுதி, வணிகக் கட்டத்தில் எட்டுப் போட்டேன்.

4

இந்தப் பகுதியை அலங்காரமில்லாமல் எழுதுகிறேன். அலங்கரித்து எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

ஜனவரி, வியாழக்கிழமை, காலை. தேசப்பன் கடலில் இருந்தார். அம்மு விம்கோ நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அங்கே இருந்தாள். மோகனப்ரியா கல்லூரி ஆய்வகத்தில். கன்னியம்மா வாசலில், பக்கத்தில் கூடை, கூடைக்குப் பக்கத்தில் போன்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மூன்றாவது ஆள் பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலையின் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து பத்தொன்பதுக்கு அங்கே யாரோ ‘பார்த்தோம்’ என்பதை அழுத்தினார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பத்து இருபதுக்கு மோகனப்ரியா தன் மடிக்கணினியில் அதைப் பார்த்தாள். அதற்குள் பதினோரு பேர். லட்சுமணனைக் கூப்பிட்டாள். குழு போயிருக்கிறது, ஐந்து நிமிடம் பொறு என்றார். அவர் குரலிலும் பதற்றம் இருந்ததாம். வைப்பதற்கு முன் சொன்னார்: "தப்பா அடிச்சிட்டா இன்னொரு அப்பாவு விழுவாரும்மா. யோசிச்சுக்கோ."

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து முப்பத்து மூன்றுக்கு இருபத்தாறு பேர்.

யாரையும் கேட்காமல் மணியை அடிக்க வைக்கும் ஒரு பொத்தான் அவளிடம் இருந்தது. ஒப்பந்தப்படி அதைத் தொடக்கூடாது. ஆனால் தொட்டால் அடிக்கும்.

‘அவள் விரல் பொத்தானின் மேல் நடுங்கியது. கண்களில் நீர்’

இல்லை. அவள் என்னிடம் சொன்னது இது: "ஒண்ணும் பண்ணல மேடம். ஸ்கிரீனப் பாத்துகினு குந்தினு இருந்தேன். நம்பரு ஏறிகினே போச்சு."

கன்னியம்மாவுக்காவது போன் போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஏன் என்றேன். என் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னான்னு சொல்றது? ஓடுன்னு சொன்னா, ஏன் மூக்கு அடிக்கலன்னு கேக்கும்."

(இந்த வரியையும் ஜீனத் எடுத்துவிடச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நல்லதில்லை என்றாள். வைக்கட்டுமா என்று மோகனப்ரியாவிடமே கேட்டேன். இதை எடுப்பதானால் கதையே எழுத வேண்டாம் என்றாள்.)

குப்பத்தில் அந்த நேரத்தில் நடந்ததை எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும். முன்பெல்லாம் வாடை வந்ததும் தெருவே எழுந்து ஓடும். இப்போது சிலர் ஓடினார்கள், பலர் முதலில் போனைப் பார்த்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டு மணிக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. அடிக்காததால், பெரிதாக ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் குழந்தையோடு ஓடும்போது கன்னியம்மாவைக் கூப்பிட்டாள். கன்னியம்மாவுக்குக் கண் எரிந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே போனைக் காட்டினாள்.

"மூக்கு அடிக்கல பாரு. அடிச்சா வரேன், நீ போம்மே."

பத்து நாற்பத்தொன்றுக்கு மோகனப்ரியா அந்தப் பொத்தானை அழுத்தினாள். அறுநூறு போன்களும் அடித்தன. கன்னியம்மா எழுந்து, கூடையை ஈரச்சாக்கால் மூடிவிட்டு நடந்தாள். பெரிய ரோட்டுக்குத் திரும்பும் முனையில் விழுந்து கிடந்தவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் வீடு திரும்பினார்கள். கன்னியம்மா ஐந்தாம் நாள் இறந்தாள்.

5

விசாரணைக் குழு போட்டார்கள். தொழிற்சாலை ஓர் அறிக்கை கொடுத்தது: எச்சரிக்கை ஏற்பாட்டை நடத்திவந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய செயலி உரிய நேரத்தில் இயங்கவில்லை. ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, மணி அடிப்பதற்கான முழுப் பொறுப்பும் உருவாக்கியவர்களுக்கே என்று அதில் இருந்தது. லட்சுமணனின் போன் அணைந்து கிடந்தது. வேலையை விட்டுவிட்டார் என்றும், அனுப்பிவிட்டார்கள் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

சர்வரில் அந்த நாளின் நிமிடவாரியான பதிவு இருந்தது. பத்து பத்தொன்பதுக்குத் தொழிற்சாலை பார்த்தது அதில் இருக்கிறது. அவர்கள் அறிக்கை பொய் என்று காட்ட அது ஒன்று போதும். பத்து இருபதிலிருந்து பத்து நாற்பத்தொன்று வரை மோகனப்ரியா திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்ததும் அதே பதிவில் இருக்கிறது. ஒன்றை வெட்டி மற்றதைக் கொடுக்க முடியாது.

அழித்துவிடலாம் என்றான் அன்பரசன். அவனை நான் மோசமாக எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேலை இருக்கிறது, தம்பி பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கல்லூரி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதான். "நாம இன்னா விஷவாயுவா விட்டோம் ப்ரியா? அவங்க வுட்டதுக்கு நாம ஜெயிலுக்குப் போவணுமா?" என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். பையில் ஒரு பென்டிரைவ். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கதையாக எழுதுங்கள் மேடம் என்றாள். விசாரணைக் குழு முன்னால் நானும் வந்து, எட்டு மதிப்பெண் போட்டவள் நான் என்று சொல்கிறேன் என்றேன். கடிதமும் எழுதினேன். விசாரிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் மதிப்பெண் போட்டவர்கள் வரமாட்டார்கள் என்று பதில் வந்தது.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(முதலாவது. அவள் பென்டிரைவைக் குழுவிடம் கொடுக்கிறாள். தொழிற்சாலை மாட்டுகிறது, அவளும் மாட்டுகிறாள். படிக்கிற நமக்கு மனம் லேசாகிவிடும். கன்னியம்மாவை மறந்துவிட்டு அந்தப் பெண்ணின் துணிச்சலைப் பேசிக்கொண்டு போவோம்.)

(இரண்டாவது. அழித்துவிடுகிறாள். நல்ல வேலையில் சேர்கிறாள், எந்த போன் அடித்தாலும் திடுக்கிடுகிறாள். இதில் நாற்பது வயது வரைக்கும் கொண்டுபோய்)

(விட்டுவிட்டேன்.)

நான் எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்முவின் வீட்டுக்குப் போனாள். அடுத்த வீடுதான், என்றாலும் சாவுக்குப் பிறகு அவள் அந்தப் படியை மிதிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். பதினான்காவது பத்தி, லட்சுமணன், இருபத்தொரு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, போன் போடாதது, ஏன் போடவில்லை என்பது. எதையும் விடவில்லை.

அம்மு அரிசி களைந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். கேட்டு முடித்து, அரிசியை உலையில் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இப்போ இன்னா செய்யணும்ன்ற?"

"நீதான் சொல்லணும். குடுக்கச் சொன்னா குடுக்கறேன்."

"என்னியக் கேட்டா? அன்னிக்கு அந்த இருபது நிமிஷம் எங்கம்மாவக் கேட்டியா?"

மோகனப்ரியா பென்டிரைவைத் தரையில் வைத்தாள். அம்மு அதைத் தொடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்து இழப்பீட்டுக் காகிதம் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வாங்கினால் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பிறகு, "நீ எழுந்து போ ப்ரியா. சோறு ஆக்கணும்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, அதுதான் பயமாக இருந்தது என்றாள் மோகனப்ரியா.

திரும்பிப் பார்த்தபோது பென்டிரைவ் தரையிலேயே கிடந்ததாம். அவள் எடுக்காமல் வந்துவிட்டாள். சர்வரில் இருந்ததை அன்பரசன் முந்தின வாரமே அழித்துவிட்டான். வேறு பிரதி கிடையாது.

6

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. மோகனப்ரியாவும் அன்பரசனும் வர வேண்டும். இறந்தவரின் வாரிசு என்ற முறையில் அம்முவுக்கும் கடிதம் போயிருக்கிறது. இதை நான் எழுதுவது புதன்கிழமை.

நேற்று விம்கோ நகர் போயிருந்தேன். மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, அம்முவிடம் நான் யார் என்று சொன்னேன். மதிப்பெண்ணைப் பற்றியும் சொன்னேன். சீட்டுப் பார்த்து மாத்திரை அட்டைகளை எண்ணி உறையில் போட்டபடியே கேட்டாள். எழுதியவரைக்கும் படித்துக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிறகு, கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை போகிறாளா, கையில் எதையாவது எடுத்துப் போகிறாளா என்று.

உறையை மடித்து வாடிக்கையாளரிடம் நீட்டினாள். சில்லறை கொடுத்தாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் கதை முடியணும்னு நான் போவணுமா?"

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். இதற்குமேல் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தக் கடையில் போய் அவளிடம் கேட்கலாம். அங்கே நின்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தால்.